கூட இருந்தே கொல்லும் 'நாலு பேர்'... 50 வருஷமாகப் பேசப்படும் ஒரு ஜெர்மன் காதல் கதை!

மழை கொட்டுகிற ஒரு ராத்திரி. மியூனிக் நகரத்தில் ஒரு சின்ன பார். 60 வயதைத் தொட்ட ஒரு பெண், கதவைத் திறந்து தயங்கித் தயங்கி உள்ளே வருகிறார். பாரில் இருக்கும் அத்தனை தலைகளும் திரும்புகின்றன. யாரும் எதுவும் பேசவில்லை, வெறுமனே பார்க்கிறார்கள். வாசலுக்குப் பக்கத்து டேபிளிலேயே உட்கார்ந்து, "தினமும் இந்த வழியா போறப்போ பாட்டு கேக்கும். இன்னிக்கு மழை, அதான் வந்தேன்" என்கிற மாதிரி ஏதோ விளக்கம் சொல்லி, ஒரு கோலா ஆர்டர் செய்கிறார்.

அது மொராக்கோவிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் கூடும் பார். அங்கே நிற்கும் ஓர் இளைஞரைக் கடுப்பேற்ற, "போய் அந்தக் கிழவியோட டான்ஸ் ஆடு பார்ப்போம்" என்று ஒரு பெண் உசுப்பிவிடுகிறாள். அவரும் போய்க் கேட்கிறார். அந்தம்மாவும் எழுந்து ஆடுகிறார். ஆடிக்கொண்டே பேச ஆரம்பிக்கிறார்கள்.

ஒரு கிண்டலில் தொடங்கி, ரெண்டு பேரின் மொத்த வாழ்க்கையும் தலைகீழாகிற கதைதான் 'அலி: ஃபியர் ஈட்ஸ் த சோல்'. 1974-ல் வெளியான மேற்கு ஜெர்மனி படம். எழுதி இயக்கியவர் ரெய்னர் வெர்னர் ஃபாஸ்பிண்டர். அந்த வருஷ கான் திரைப்பட விழாவில் சர்வதேச விமர்சகர்கள் விருதை வாங்கிய படம் இது. 'உலக சினிமா பார்க்கணும், எங்கே ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை' என்பவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான். காரணம் சிம்பிள். ஒன்றரை மணி நேரத்தைச் சில நிமிஷங்களே தாண்டும் படம். கதை நேர்கோட்டில் போகும். 'புரியலையே' என்று எங்கேயும் தலையைச் சொறிய வேண்டியிருக்காது. ஆனால், முடிந்த பிறகு ரெண்டு நாளைக்குத் தூங்கவிடாது.

(கதையை முழுசாகப் பேசப்போகிறோம். ஸ்பாய்லர் அலர்ஜி இருப்பவர்கள் படம் பார்த்துவிட்டு வரவும்!)

யார் இந்த ரெண்டு பேர்?

அந்தம்மாவின் பெயர் எம்மி. கணவர் இறந்துவிட்டார். மூன்று பிள்ளைகளும் கல்யாணமாகித் தனித்தனியாக இருக்கிறார்கள். பெரிய கட்டடங்களில் தரை துடைத்து, படிக்கட்டு கழுவுகிற வேலை. 'என்ன வேலை பண்றீங்க?' என்று யாராவது கேட்டால் சொல்லவே கூச்சப்படுவார். தனிமை என்ற வார்த்தையை எம்மி சொல்லவே வேண்டாம். முன்பின் தெரியாத ஒருவர் வீடு வரை துணைக்கு வந்ததும், 'ஒரு காபி குடிச்சிட்டுப் போங்களேன்' என்று அவர் கேட்கிற அவசரமே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

அந்த இளைஞர், கார் மெக்கானிக். எம்மியைவிட 20 வயதுக்கு மேல் சின்னவர். ஒரே ரூமில் இவரோடு சேர்த்து ஆறு பேர் தங்கியிருக்கிறார்கள். நிஜப்பெயர் மிக நீளமானது. ஊரே 'அலி' என்று கூப்பிடுகிறது. எல்லா அரபு ஆட்களுக்கும் அவர்கள் வைத்திருக்கும் பொதுப்பெயர் அது. அவரும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் ஹிஸ்டரி தேவை. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு மேற்கு ஜெர்மனியில் தொழிற்சாலைகள் வேகமாக வளர்ந்தன, ஆள் போதவில்லை. 1955-ல் இத்தாலியோடு ஒப்பந்தம் போட்டு ஆள் எடுக்க ஆரம்பித்தார்கள். பிறகு ஸ்பெயின், கிரீஸ், துருக்கி. 1963-ல் மொராக்கோ. இப்படி வந்தவர்களுக்கு வைத்த பெயர் 'காஸ்ட்ஆர்பைட்டர்', அதாவது 'விருந்தாளித் தொழிலாளி'. கேட்க மரியாதையாக இருக்கிறது இல்லையா? விருந்தாளி என்றால் ஒருநாள் கிளம்பிவிட வேண்டும் என்பதுதான் அதற்குள் இருக்கும் செய்தி. 1973-ல் இப்படி சுமார் 26 லட்சம் வெளிநாட்டவர் அங்கே வேலை பார்த்தார்கள். அதே வருஷம் நவம்பரில், எண்ணெய் நெருக்கடி வந்த நேரத்தில், 'இனிமேல் புதிதாக ஆள் வேண்டாம்' என்று அரசு கதவைச் சாத்தியது.

அதற்கு ரெண்டு மாசம் முன்புதான், 1973 செப்டம்பரில், ஃபாஸ்பிண்டர் இந்தப் படத்தை ஷூட் செய்தார். அதற்குச் சரியாக ஒரு வருஷம் முன்பு, இதே மியூனிக்கில் ஒலிம்பிக்ஸ் நடந்தபோது, பாலஸ்தீன ஆயுதக்குழு ஒன்றின் தாக்குதலில் இஸ்ரேல் அணியைச் சேர்ந்த 11 பேர் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு அந்த நாட்டில் 'அரபு' என்ற ஒரு அடையாளமே சந்தேகத்துக்குப் போதுமானதாக இருந்தது. படம் இதையெல்லாம் லெக்சர் எடுக்காது. மாடிப்படியில் அலி ஏறும்போது பக்கத்து வீட்டுக் கதவிடுக்கில் தெரியும் கண்களைக் காட்டும். அவ்வளவுதான்.

எம்மிக்கும் ஒரு பழைய கதை உண்டு. இறந்துபோன கணவர் போலந்துக்காரர். அவரும் ஒரு காலத்தில் வேலைக்காக வந்த வெளியாள்தான். எம்மியின் அப்பா நாஜிக் கட்சியில் இருந்தவர், வெளிநாட்டவர் என்றாலே ஆகாதவர். 'நானும் கட்சியில இருந்தேன், அப்போ எல்லாரும்தான் இருந்தாங்க' என்று எம்மி ரொம்ப சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவார். நல்லவர்தான். ஆனால், அந்த நல்லதனத்துக்கு ஒரு எல்லை இருக்கலாம் என்று டைரக்டர் அங்கேயே ஒரு புள்ளி வைத்துவிடுகிறார். அந்தப் புள்ளி பிற்பாதியில் பெரிதாகும்.

ஹிட்லர் சாப்பிட்ட ஹோட்டலில் கல்யாண விருந்து

அன்றிரவு மழையால் அலி அங்கேயே தங்குகிறார். பிறகு அவரே வாடகைப் பங்கு கொடுத்துத் தங்க ஆரம்பிக்கிறார். வீட்டு ஓனரின் மகன் வந்து, 'உள்வாடகைக்கு ஆள் வைக்கக் கூடாதே' என்கிறார். எம்மி சட்டென்று ஒரு பொய் சொல்கிறார்: 'நாங்க கல்யாணம் பண்ணிக்கப்போறோம்.' அவர் போனதும், அலியிடம் மன்னிப்பு கேட்கும் தொனியில் விஷயத்தைச் சொல்ல, அலி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'நல்ல ஐடியாதானே' என்கிறார். சினிமா வரலாற்றிலேயே இவ்வளவு அமைதியான ப்ரபோசல் ஸீன் வேறு இருக்குமா தெரியவில்லை.

ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் முடிந்ததும், எம்மி ஒரு இத்தாலியன் ரெஸ்டாரன்ட்டுக்கு அலியைக் கூட்டிக்கொண்டு போகிறார். வாழ்நாளில் ஒருமுறையாவது அங்கே சாப்பிட வேண்டும் என்பது அவர் ஆசையாம். காரணம், ஹிட்லர் வழக்கமாகச் சாப்பிட்ட இடம் அது! கையில் ஒரு மொராக்கோ மாப்பிள்ளை, கண்ணில் அந்தப் பெருமை. எம்மிக்கு இதில் எந்த முரணும் தெரிவதில்லை. பார்க்கிற நமக்குத்தான் சிரிப்பதா, நெளிவதா என்று குழம்பும்.

மெனு கார்டைப் பார்த்தால் ரெண்டு பேருக்கும் ஒன்றும் புரியவில்லை. வெயிட்டர் முகத்தில் ஒரு அலட்சியம். கேமரா பக்கத்து அறையிலேயே நின்றுவிடுகிறது. கதவுச் சட்டத்துக்குள், தூரத்தில், காலி டேபிள்களுக்கு நடுவே ரெண்டு பேரும் போட்டோ மாதிரி உறைந்து உட்கார்ந்திருக்கிறார்கள். கல்யாண நாளில் இவ்வளவு தனியான ஜோடியை நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள்.

டி.வி-யை உதைத்த மகன்

பிள்ளைகளைக் கூப்பிட்டு எம்மி விஷயத்தைச் சொல்லும் ஸீன், தமிழ்க் குடும்பங்களில் பஞ்சாயத்து பார்த்த யாருக்கும் அந்நியமாக இருக்காது. 'இவர்தான் என் கணவர்' என்று சொன்னதும், கேமரா பிள்ளைகளின் முகங்களை வரிசையாகக் காட்டிக்கொண்டே போகிறது. ஒரு சத்தமும் இல்லை. ஒரு மகன் எழுந்தார், நேராகப் போய் அம்மாவின் டி.வி-யை உதைத்து உடைத்தார். எல்லோரும் கிளம்பிப் போனார்கள். மருமகன் கேரக்டரில் வரும் சோம்பேறி ஆசாமியை நன்றாகப் பாருங்கள். டைரக்டர் ஃபாஸ்பிண்டரேதான் அது. வெறுப்பு பேசும் ஆளின் வேஷத்தைத் தனக்கே எடுத்துக்கொண்டார் மனுஷன்.

ஏன் டி.வி? இதற்குப் பின்னால் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. 1955-ல் ஹாலிவுட்டில் டக்ளஸ் சிர்க் இயக்கிய 'ஆல் தட் ஹெவன் அலவ்ஸ்' என்ற படம் வந்தது. வசதியான ஒரு விதவை, வயதில் சின்னவரான தன் தோட்டக்காரரைக் காதலிப்பாள். ஊர் பேசும், பிள்ளைகள் எதிர்ப்பார்கள். அம்மா காதலை விட்டுக்கொடுத்ததும், 'தனியா இருக்கியே, பொழுதுபோகும்' என்று பிள்ளைகள் ஒரு டி.வி பெட்டியைப் பரிசாக வாங்கித் தருவார்கள். அந்தக் காலி ஸ்கிரீனில் அவள் முகம் தெரியும். 1971-ல் சிர்க்கின் படங்களைப் பார்த்து அசந்துபோன ஃபாஸ்பிண்டர், அவரைப் பற்றிக் கட்டுரையே எழுதினார், நேரிலும் போய்ப் பார்த்தார். அந்தக் கதையை எடுத்து, பங்களாவிலிருந்து வாடகை வீட்டுக்கு மாற்றினார். அங்கே பரிசாக வந்த டி.வி, இங்கே உதை வாங்குகிறது. அழ வைக்கிற 'சீரியல் கதை' என்று ஒதுக்கப்பட்ட ஒரு வகையிலிருந்து இவ்வளவு கூர்மையான படத்தை எடுக்க முடியும் என்பது அன்றைக்கு ஆர்ட் சினிமா ஆட்களுக்கே ஆச்சர்யம்.

இன்னொரு தகவல். இந்தக் கதையின் விதை, 1970-ல் ஃபாஸ்பிண்டர் எடுத்த 'தி அமெரிக்கன் சோல்ஜர்' படத்திலேயே இருக்கிறது. அதில் ஹோட்டல் பணிப்பெண் ஒருத்தி, எம்மி என்ற வயதான துப்புரவுப் பெண் ஒரு வெளிநாட்டுத் தொழிலாளியைக் கல்யாணம் செய்த கதையைச் சொல்வாள். அந்த வெர்ஷனில் எம்மி கொலை செய்யப்படுவார், போலீஸ் கணவரைச் சந்தேகிக்கும். நான்கு வருஷத்தில் அந்தக் க்ரைம் கதையைத் தூக்கிப்போட்டுவிட்டு, இந்தக் கல்யாணம் நிலைத்தால் என்ன ஆகும் என்று அவர் யோசித்திருக்கிறார். கொலையைவிட அது கஷ்டமான கேள்வி.

மஞ்சள் நாற்காலிகள்

இதற்குப் பிறகு அடி மேல் அடி. மளிகைக்கடைக்காரர், அலி பேசும் ஜெர்மன் புரியாதது மாதிரி நடித்துச் சாமான் தர மறுக்கிறார். சண்டை போடப்போன எம்மியையும் வெளியே அனுப்புகிறார். படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடும்போது, கூட வேலை பார்க்கும் பெண்கள் எம்மியை விட்டு நகர்ந்து உட்காருகிறார்கள். அபார்ட்மென்ட் பெண்கள் 'பில்டிங் அழுக்காகிடுச்சு' என்கிறார்கள். அதில் ஒருத்தி, 'அவ பேரே ஜெர்மன் பேர் இல்லையே' என்று எம்மியின் போலந்துப் பெயரையும் இழுத்து வைப்பாள். இத்தனை வருஷம் ஞாபகம் வராத விஷயம்!

எல்லோரும் வில்லன்கள் என்று படம் சொல்லவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அலியின் நண்பர்கள் வீட்டுக்கு வந்து பாட்டு போட்டதும் பக்கத்து வீட்டுக்காரர்கள் போலீஸைக் கூப்பிடுவார்கள். வருகிற போலீஸ்காரர்கள் ரெண்டு பேரும் பண்பாக, 'சவுண்டைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வீட்டு ஓனரின் மகனும், 'இதுல என்ன தப்பு இருக்கு' என்றுதான் கேட்பார். சட்டப்படி யாரும் எதுவும் செய்துவிட முடியாது. பார்வையால் செய்வதுதான் எல்லாம்.

அந்தப் பார்வை உச்சத்துக்குப் போகும் இடம், பூங்காவில் ஒரு ஓப்பன் ஏர் கஃபே. சுற்றிலும் காலி மஞ்சள் நாற்காலிகள். நடுவில் எம்மியும் அலியும் மட்டும். தூரத்தில் கஃபே ஆட்கள் வரிசையாக நின்று, பொம்மைகள் மாதிரி முறைக்கிறார்கள். யாரும் ஆர்டர் எடுக்க வரவில்லை. அதுவரை தைரியமாக இருந்த எம்மி அங்கேதான் உடைகிறார். 'சந்தோஷமா இருக்கேன்தான், ஆனா தாங்க முடியலை' என்று மேஜையில் கவிழ்ந்து அழுகிறார். எங்காவது போய் வரலாம், திரும்பி வரும்போது எல்லாரும் நல்லவங்களா மாறியிருப்பாங்க என்கிறார்.

சாதாரணப் படமாக இருந்தால், இங்கேயிருந்து கிளைமாக்ஸுக்குப் போய்விடும். ஊர் எதிர்க்கும், காதல் ஜெயிக்கும், அல்லது தோற்கும். இந்தப் படம் நிஜமாகவே தொடங்குவது இனிமேல்தான்.

திரும்பி வந்தால்... எல்லாரும் நல்லவர்கள்!

டூர் முடிந்து வந்தால், எம்மி சொன்ன மாதிரியே ஊர் மாறியிருக்கிறது. மளிகைக்கடைக்காரர் ஓடிவந்து கும்பிடாத குறையாகப் பேசுகிறார். பக்கத்து வீட்டு அம்மா சிரிக்கிறார். டி.வி-யை உதைத்த மகன், மன்னிப்பு கேட்டு, உடைத்த டி.வி-க்குக் காசும் கொடுக்கிறார்.

என்ன ஆச்சு, திருந்திவிட்டார்களா? கடைக்காரருக்கு சூப்பர் மார்க்கெட்டால் வியாபாரம் படுத்துவிட்டது, ஒவ்வொரு கஸ்டமரும் முக்கியம். பக்கத்து வீட்டு அம்மாவுக்குச் சாமான் போட, எம்மியின் பேஸ்மென்ட் ஸ்டோர் ரூமில் இடம் வேண்டும்; அதைத் தூக்கி வைக்க அலியின் தோள்கள் வேண்டும். மகனுக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மா வேண்டும். வெறுப்பு எங்கேயும் போகவில்லை. தேவை வந்ததும், கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்திருக்கிறார்கள்.

இதுவரைகூட நாம் எதிர்பார்த்திருப்போம். எதிர்பார்க்காதது, எம்மி மாறுவது.

நாலு பேர் தன்னை மறுபடியும் சேர்த்துக்கொண்ட சந்தோஷத்தில், எம்மி அந்த நாலு பேரில் ஒருவராக ஆகிறார். வேலைத் தோழிகள் வீட்டுக்கு வருகிறார்கள். எம்மி அலியை நிற்கவைத்து, 'தொட்டுப் பாருங்க, எவ்ளோ ஸ்ட்ராங்' என்கிறார். அவர்கள் கையைத் தொட்டு, மசிலை அமுக்கி, 'ஸ்கின் எவ்ளோ சாஃப்ட்' என்று வியக்கிறார்கள். அலி ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போகிறார். 'என்ன ஆச்சு இவனுக்கு?' என்று அவர்கள் கேட்க, 'அப்பப்போ அவங்களுக்கு இப்படி மூட் வரும், வெளிநாட்டுக்காரர் இல்லையா' என்கிற ரீதியில் எம்மி பதில் சொல்கிறார். கவனித்தீர்களா? 'அவருக்கு' காணாமல் போய் 'அவங்களுக்கு' வந்துவிட்டது. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களே, அந்த ஸீன்தான் இது. செய்வது, கஃபேயில் கதறி அழுத அதே எம்மி.

அடுத்து, கூஸ்கூஸ். நம்ம ஊர் ரவையை ஆவியில் வேகவைத்து, மேலே காய்கறிக் குழம்போ, கறிக் குழம்போ ஊற்றிச் சாப்பிடுவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வட ஆப்பிரிக்காவின் வீட்டுச் சாப்பாடு அது. 'ஒரு நாள் கூஸ்கூஸ் பண்ணித் தாயேன்' என்று அலி கேட்கிறார். 'எனக்கு அது பிடிக்காது, நீயும் ஜெர்மன் பழக்கத்துக்கு வரணும் இல்ல' என்கிறார் எம்மி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொல்கிறார். அலி எழுந்து, பார் நடத்தும் பார்பரா வீட்டுக்குப் போகிறார். அவளுக்குக் கூஸ்கூஸ் செய்யத் தெரியும். துரோகம் என்று இதற்குப் பெயர் வைக்கலாம், வைக்கவும் வேண்டும். ஆனால், அந்த மனுஷன் அந்த வாசல் வரை போனது சோறு தேடி. பார்பராவின் வீட்டில் அவர் நிற்கும் நிலையைப் பார்த்தால், அங்கேயும் அவர் விருந்தாளிதான் என்பது தெரிந்துவிடும்.

எனக்கு இந்தப் படத்தில் மிகவும் வலித்த ஷாட் வேறு. எம்மி வேலை பார்க்கும் இடத்துக்கு, யூகோஸ்லாவியாவிலிருந்து யோலாண்டா என்று ஒரு பெண் புதிதாக வருகிறாள். அவளுக்குச் சம்பளம் குறைவு. மற்றவர்கள் அவளை ஒதுக்கிவைத்து, தங்களுக்கான சம்பள உயர்வு பற்றிப் பேசுகிறார்கள். எம்மியும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். யோலாண்டா தனியே படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். படத்தின் முற்பகுதியில் எம்மி ஒதுக்கப்பட்டபோது, மாடிப்படிக் கம்பிகளுக்குப் பின்னால் சிறைக்குள் இருப்பது மாதிரி அவரைக் காட்டியிருப்பார்கள். இப்போது அதே படிக்கட்டு, அதே மாதிரி கம்பிகள், உள்ளே யோலாண்டா. ஒரு வசனமும் இல்லாமல் மொத்தப் படத்தையும் சொல்லிவிட்டார் ஒளிப்பதிவாளர் யூர்கன் யூர்கஸ். முதல்முறை பார்க்கும்போது சிலர் இதைக் கவனிக்காமலேயே கடந்துவிடுவார்கள். நீங்கள் கடந்துவிடாதீர்கள்.

ஒட்டுமொத்தமாகவே இந்தப் படத்தில் கேமரா அதிகம் அசையாது. கதவு, ஜன்னல், படிக்கட்டுக் கம்பி என்று ஏதாவது ஒரு சட்டத்துக்குள் மனிதர்களை மாட்டிவைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கும். நடிகர்கள் ஒரு நொடி அதிகமாகவே சும்மா நிற்பார்கள். ரீல்ஸ் வேகத்துக்குப் பழகிய கண்ணுக்கு முதல் 10 நிமிஷம் 'என்னடா இது, எல்லாரும் சிலையா நிக்கிறாங்க' என்று தோன்றலாம். பிறகு புரியும். முறைத்துப் பார்ப்பவர்களின் கூட்டத்தில் நம்மையும் சேர்த்து நிற்கவைத்திருக்கிறார் டைரக்டர். இத்தனை கச்சிதமான படத்தை அவர் எடுத்து முடித்தது வெறும் 15 நாளில். வேறு பெரிய படங்களுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில்.

வயிற்றுக்குள் இருக்கும் ஊர்

அலியும் புனிதர் இல்லை. வீட்டுக்கு வராத கணவரைத் தேடி எம்மி மெக்கானிக் ஷெட்டுக்கே போகிறார். 'வீட்டுக்கு வா' என்று கெஞ்சுகிறார். கூட வேலை பார்ப்பவர்கள், 'யாரு, மொராக்கோலேருந்து வந்த உன் பாட்டியா?' என்று சிரிக்கிறார்கள். அலியும் சேர்ந்து சிரிக்கிறார். எம்மி தன் தோழிகள் முன்னால் செய்ததை, அலி தன் நண்பர்கள் முன்னால் செய்கிறார். ரெண்டு பேரும் தனியாக இருக்கும்வரை பிரச்னையே இல்லை; பக்கத்தில் நாலு பேர் வந்து நின்றதும், ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கிறார்கள். பிறகு அலி சூதாட்டத்தில் காசை விடுகிறார். கண்ணாடி முன் நின்று தன்னைத்தானே கன்னத்தில் அறைந்துகொள்கிறார்.

கடைசியில் எம்மி மறுபடியும் அந்த பாருக்கு வருகிறார். அதே டேபிள், அதே கோலா. ஜூக்பாக்ஸில் அவர்கள் முதல் நாள் ஆடிய பாட்டு. அலி வந்து ஆடக் கூப்பிடுகிறார். ஆடிக்கொண்டே தப்பை ஒப்புக்கொள்கிறார். எம்மி அதைப் பெரிதாக்கவில்லை. 'எனக்கு வயசாகுதுன்னு எனக்குத் தெரியும். ஆனா, சேர்ந்து இருக்கும்போது நாம ஒருத்தருக்கொருத்தர் நல்லவங்களா இருக்கணும்' என்கிறார். அந்த நிமிஷத்தில் அலி வலியில் சுருண்டு தரையில் விழுகிறார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்குகிறார்: வயிற்றுப்புண் வெடித்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளர்களிடம் இது சகஜம், ஓயாத மன அழுத்தம்தான் காரணம். ஆபரேஷன் செய்து அனுப்பினாலும், ஆறு மாசத்தில் திரும்ப வருவார்கள் என்கிறார். (வயிற்றுப்புண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு பாக்டீரியாதான் காரணம் என்று 1980-களில் ஆஸ்திரேலிய டாக்டர்கள் ரெண்டு பேர் கண்டுபிடித்தார்கள், அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. இந்தப் படத்தின் டாக்டர் பேசுவது அதற்கு முந்தைய மருத்துவம்.) எம்மி, 'நான் பார்த்துக்கறேன்' என்கிறார். டாக்டர் நம்பவில்லை.

தலைப்புக்கு அர்த்தம் இங்கே வந்துதான் முழுமையாகிறது. ஆரம்பத்தில் எம்மி 'எனக்குப் பயமா இருக்கு' என்று சொல்லும்போது, பயம் ஆன்மாவைத் தின்றுவிடும், எங்கள் ஊரில் அப்படிச் சொல்வார்கள் என்பார் அலி. ஜெர்மன் தலைப்பு இலக்கணப்படி தப்பு. புதிதாக ஒரு மொழி பேசுகிறவர், வினைச்சொல்லைத் திருப்பத் தெரியாமல் அப்படியே வைப்பாரே, அந்த மாதிரி: 'பயம் ஆன்மா தின்ன'. அந்தத் தப்பைத் திருத்தாமல் போஸ்டரில் போட்டார் ஃபாஸ்பிண்டர்.

திரைக்கு வெளியே

எம்மியாக நடித்த பிரிகிட்டே மீரா, 1910-ல் பிறந்தவர். மேடைப் பாட்டு, காமெடி என்று வளர்ந்தவர். அப்பா ரஷ்ய யூதர்; நாஜி ஆட்சியில் அதை மறைத்துக்கொண்டுதான் மேடையில் தாக்குப்பிடித்தார். அப்படிப்பட்டவர், 'அப்போ எல்லாரும்தான் கட்சியில இருந்தாங்க' என்ற வசனத்தைச் சர்வசாதாரணமாகப் பேசியிருக்கிறார் என்று தெரிந்த பிறகு, அந்த ஸீனை வேறு மாதிரிதான் பார்க்க முடிகிறது. இந்த ரோலுக்கு ஜெர்மனியின் தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. 63 வயதில் வந்த பெயர். 2005-ல் காலமானார்.

அலியாக நடித்தவர் எல் ஹெடி பென் சலேம். நிஜத்திலும் மொராக்கோவிலிருந்து வந்தவர், அப்போது ஃபாஸ்பிண்டரின் காதலர். படத்தில் அலி சொல்லும் அந்த நீளமான நிஜப்பெயர், நடிகரின் பெயரேதான். உறவு முறிந்த பிறகு அவர் வாழ்க்கை சிதறியது. குடி, ஒரு கத்திக்குத்துச் சம்பவம், பிரான்ஸுக்கு ஓட்டம், சிறை. 1977-ல் அந்தச் சிறையிலேயே இறந்துபோனார். ஃபாஸ்பிண்டருக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. தன் கடைசிப் படமான 'கேரல்'லை அவருடனான நட்புக்குக் காணிக்கையாக்கினார். அந்தப் படம் தியேட்டருக்கு வரும் முன்பே, 1982 ஜூன் 10-ம் தேதி, 37 வயதில் ஃபாஸ்பிண்டரும் போய்விட்டார். அந்த வயதுக்குள் 40-க்கும் மேற்பட்ட படங்கள்!

பென் சலேமின் கதையைத் தேடி வியோலா ஷஃபீக் என்ற இயக்குநர் பின்னாளில் ஒரு டாக்குமென்டரி எடுத்தார். அதன் தலைப்பு, 'என் பெயர் அலி இல்லை'.

படத்தை சப்டைட்டிலோடு பாருங்கள், ஆங்கில டப்பிங் இருந்தால் தவிர்த்துவிடுங்கள். அலியின் உடைந்த ஜெர்மன்தான் படத்தின் பாதி. பிடித்திருந்தால், அடுத்ததாக சிர்க்கின் 'ஆல் தட் ஹெவன் அலவ்ஸ்'. அதற்கும் அடுத்து, ரெண்டு படங்களுக்கும் சேர்த்து மரியாதை செய்கிற மாதிரி டாட் ஹேன்ஸ் 2002-ல் எடுத்த 'ஃபார் ஃப்ரம் ஹெவன்'. மூன்றையும் ஒரே வீக் எண்டில் முடித்துவிடலாம். வரிசையை மட்டும் மாற்றி, ஃபாஸ்பிண்டரை முதலில் பாருங்கள். மற்ற ரெண்டிலும் வீடுகளும் உடைகளும் அவ்வளவு அழகு; அந்த அழகைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால், எம்மியின் சமையலறை கொஞ்சம் சின்னதாகத் தெரியும்.